61.8 கோடும் பதினொரு பவுன் நகையும்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில், மஃரிப் தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத குடும்பங்களுக்காக வெளியிடப்படுகிறது.)

 

இன்றைய தலைப்பைக் கேட்டு உங்களில் சிலர் சிரித்தீர்கள். கல்வி உதவி, கண் சிகிச்சை முகாம், ஜகாத் கணக்கு என்று பேசிக்கொண்டிருந்த செயலாளர் திடீரென்று டாலர், யூரோ, ஃபிபனாச்சி என்று ஆரம்பித்துவிட்டாரே என்று தோன்றியிருக்கும். காரணம் இருக்கிறது. கடந்த ஓராண்டில் நம் அலுவலகத்துக்கு உதவி கேட்டு வந்த குடும்பங்களில் மூன்று, ஒரே காரணத்தால் கடனில் விழுந்தவை. வீட்டுப் பிள்ளை செல்போனில் நாணய வர்த்தகம் செய்திருக்கிறார். ஃபாரெக்ஸ் என்று சொல்கிறார்களே, அதுதான். மூவரும் படித்த பிள்ளைகள். குடியோ சீட்டாட்டமோ கிடையாது. அவர்களில் ஒருவர் சுபுஹுக்கு முன்வரிசையில் நிற்பவர். மூவரும் நம்பியது ஒரே கருவியை: ஃபிபனாச்சி ரீட்ரேஸ்மென்ட் என்ற கோடுகளை.

இந்த மூன்றில் ஒன்றில் எனக்கும் பங்கு உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் குடும்பத்தாரின் அனுமதி பெற்றே சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டிருக்கிறேன்.

நான் சொன்ன ஒரு வார்த்தை

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் இஷா தொழுதுவிட்டு டீக்கடையில் நின்றிருந்தேன். நமதூர்த் தம்பி ஒருவர் வந்து ஸலாம் சொல்லி, செல்போனை நீட்டினார். "மாமா, நீங்க கணக்குப் படிச்சவங்க. இதைக் கொஞ்சம் பாருங்க. விலை மேல போயிட்டு இறங்குது. இறங்குறது சரியா இந்த 61.8 கோட்டைத் தொட்டுட்டுத் திரும்பவும் மேல ஏறுது. இது ஃபிபனாச்சி நம்பர்" என்றார்.

கல்லூரியில் கணிதம் படித்தவன் நான். ஃபிபனாச்சி பெயரைக் கேட்டதும் உற்சாகம் வந்துவிட்டது. அவர் யார், எங்கே கணக்குப் படித்தார், அரபுகளிடம் என்ன கற்றார் என்று அரைமணி நேரம் பேசினேன். கடைசியில், "நல்லாத்தான் படிக்கிறே, விடாதே" என்று தோளில் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

நான் பேசியது கணக்கின் வரலாறு. அந்தத் தம்பி வீட்டில் போய்ச் சொன்னது, "செயலாளர் மாமாவே சரின்னுட்டாங்க" என்பது. உம்மா தன் பதினொரு பவுன் நகையைக் கழற்றிக் கொடுத்தார். நகை அடகுக்குப் போனது. பணம் மூன்று தவணையாக ஒரு செயலிக்குப் போனது. முதல் மாதம் லாபம் வந்தது. நான்காவது மாதம் ஒரே இரவில் எல்லாம் போய்விட்டது.

பிறகு ஒருநாள் அவருடைய வாப்பா, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு அலுவலகத்துக்கு வந்தார். ஒருபோதும் கை நீட்டாத மனிதர். விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் விஷயம் தெரிந்தது. என்னை அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "நீங்க சரின்னு சொன்னதா தம்பி சொன்னான், அதான் நானும் சும்மா இருந்துட்டேன்" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. டீக்கடையில் நான் சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

யார் இந்த ஃபிபனாச்சி?

இத்தாலியின் பைசா நகரத்துக்காரர் லியனார்டோ. ஃபிபனாச்சி என்பது பிற்காலத்தில் அவருக்கு நிலைத்த பெயர். அவருடைய தகப்பனார் வட ஆப்பிரிக்காவின் பிஜாயா துறைமுகத்தில், பைசா வணிகர்களுக்கான அலுவல் பார்த்தவர். இன்று அந்த ஊர் அல்ஜீரியாவில் இருக்கிறது. மகனை அங்கே அழைத்துக்கொண்டு கணக்குப் படிக்க வைத்தார். இந்தியாவில் பிறந்து அரபு உலகம் வழியாகப் பயணம் செய்த 1, 2, 3 என்ற எண்களை லியனார்டோ கற்றது அங்கேதான். அன்றைய ஐரோப்பா ரோமன் எண்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

1202இல் அவர் எழுதிய 'லிபர் அபாச்சி' வணிகர்களுக்கான கணக்குப் புத்தகம். பண்டமாற்று, கூட்டுத் தொழிலில் லாபம் பிரிப்பது, ஓர் ஊர் நாணயத்தை இன்னோர் ஊர் நாணயமாக மாற்றுவது, நாணயத்தில் எவ்வளவு வெள்ளி கலப்பது என்றெல்லாம் கணக்குகள் அதில் உண்டு. அல்குவாரிஸ்மியின் கணித மரபும் அதில் சேர்ந்திருக்கிறது. அல்குவாரிஸ்மியின் அல்ஜீப்ரா நூலில் பெரும்பகுதி வாரிசுப் பங்கீட்டுக் கணக்குகள் என்பதை மத்ரஸாவில் ஃபராயிள் படித்தவர்கள் கேட்டால் மகிழ்வார்கள்.

அந்தப் புத்தகத்தில் ஒரு முயல் கணக்கும் வருகிறது. ஒரு ஜோடி முயல் மாதந்தோறும் ஒரு ஜோடி குட்டி போடுகிறது. குட்டிகளும் இரண்டாம் மாதம் முதல் அப்படியே போடுகின்றன. ஓராண்டில் எத்தனை ஜோடி? விடை 377. மாதாமாதம் எண்ணிக்கை எப்படி வளர்கிறது என்று பார்த்தால் 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55, 89, 144 என்று போகும். எந்த எண்ணும் அதற்கு முந்தைய இரண்டின் கூட்டல். இதே வரிசையை நம் நாட்டில் ஹேமசந்திரர் போன்றோர், குறிலும் நெடிலும் கலந்து செய்யுள் அடியை எத்தனை விதமாக அமைக்கலாம் என்று எண்ணும்போது லியனார்டோவுக்கு முன்பே கண்டுவிட்டார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஏறிய விலை எங்கே இறங்கி நிற்கும் என்பதற்கு லியனார்டோவின் புத்தகத்தில் எந்தக் கணக்கும் கிடையாது. இந்த எண்களைச் சந்தை விலையோடு முடிச்சுப் போட்டது 20ஆம் நூற்றாண்டில். ரால்ஃப் நெல்சன் எலியட் என்ற அமெரிக்கக் கணக்காளர் 1930, 40களில் பங்குச் சந்தை அலைகளைப் பற்றி எழுதியபோது இந்த எண்களைக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் அதைக் கோடுகளாக்கினார்கள். ஆகவே 800 ஆண்டுப் பழமை எண்ணுக்குத்தான், கோட்டுக்குக் கிடையாது.

கோடு போடுவது எப்படி?

பெரியவர்களுக்கும் புரியும்படி சொல்கிறேன். வரிசையில் ஓர் எண்ணை அடுத்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். 34ஐ 55ஆல் வகுத்தால் 0.618. ஒன்றைத் தாண்டி, 34ஐ 89ஆல் வகுத்தால் 0.382. இரண்டைத் தாண்டி, 34ஐ 144ஆல் வகுத்தால் 0.236. வரிசையில் மேலே போகப் போக இந்த விகிதங்கள் மாறுவதில்லை. இதையே சதவீதமாக 61.8, 38.2, 23.6 என்கிறார்கள். இவற்றோடு 50ஐயும் 78.6ஐயும் சேர்த்துக்கொள்கிறார்கள். 50 என்பது ஃபிபனாச்சி விகிதமே கிடையாது, வெறும் பாதி. 78.6 என்பது 0.618இன் வர்க்கமூலம்.

இப்போது கற்பனையாக ஒரு டாலர் 80 ரூபாயிலிருந்து 90 ரூபாய்க்கு ஏறியது என்று வைப்போம். ஏற்றம் 10 ரூபாய். அந்தப் பத்தில் 23.6 சதவீதம் இறங்கினால் 87.64. 38.2 என்றால் 86.18. பாதி 85. 61.8 என்றால் 83.82. 78.6 என்றால் 82.14. சார்ட்டில் இந்த ஐந்து இடங்களிலும் கிடைக்கோடு விழும். இறங்கும் விலை இவற்றில் ஒன்றில் நின்று, மறுபடி ஏறும் என்பது நம்பிக்கை. அந்த இடத்தில் வாங்க வேண்டும் என்பது பாடம்.

செல்போனில் இரண்டு புள்ளியைத் தொட்டால் செயலியே ஐந்து கோட்டையும் போட்டுவிடும். கணக்கு அவ்வளவுதான், ஐந்தாம் வகுப்புச் சதவீதம். இதை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நடந்து முடிந்த ஏற்றத்தை அளந்து பங்கு போடும் அளவுகோல் என்ற வகையில் அது சரியான கருவி. வங்கிகளில் இதே தொழிலாக இருப்பவர்களும் இந்தக் கோடுகளைப் பார்ப்பதுண்டு. "விலை இந்த இடத்துக்கும் கீழே போனால் நான் நினைத்தது தவறு, வெளியே வந்துவிட வேண்டும்" என்று முன்கூட்டியே ஒரு எல்லை குறித்துக்கொள்ள அது உதவும். தையற்காரர் டேப்பால் அளந்த அளவு சரியாக இருக்கும். அந்தப் பிள்ளை அடுத்த வருடம் எவ்வளவு வளரும் என்று டேப் சொல்லாது.

ஓர் உண்மை நடப்பு

2022 செப்டம்பர் இறுதியில் ஒரு யூரோவின் விலை சுமார் 0.954 டாலர் வரை இறங்கியது. அங்கிருந்து ஏறி 2023 ஜூலையில் சுமார் 1.128ஐத் தொட்டது. ஏற்றம் 0.174. பிறகு இறங்கத் தொடங்கியது. நம் ஐந்து கோட்டையும் போட்டால் 23.6 கோடு 1.087இல் விழும். 38.2 கோடு 1.0615இல். 50 கோடு 1.041இல். 61.8 கோடு 1.0205இல்.

என்ன நடந்தது? ஆகஸ்டு முடிவதற்குள் முதல் கோட்டை விலை தாண்டி இறங்கியது. செப்டம்பர் இறுதியில் இரண்டாவது கோட்டையும் தாண்டியது. அக்டோபர் தொடக்கத்தில் சுமார் 1.045இல் நின்று திரும்பியது. டிசம்பர் முடிவில் 1.11க்கு மேலே போயிருந்தது.

இன்று சார்ட்டைக் காட்டி வகுப்பெடுப்பவர், "பாருங்கள், 50 கோட்டுக்குப் பக்கத்தில் அழகாகத் திரும்பியிருக்கிறது" என்பார். அன்றைக்கு அதில் பணம் போட்டவரின் நிலையை யோசியுங்கள். 50 கோட்டில் வாங்கக் காத்திருந்தவருக்கு வாய்ப்பே வரவில்லை. விலை 1.041க்கு இறங்கவில்லை, அதற்கு முன்பே திரும்பிவிட்டது. 38.2 கோட்டில், 1.0615இல் வாங்கியவரோ சரியாகத்தான் கணித்தார். யூரோ ஏறும் என்றார், மூன்று மாதத்தில் ஏறியும் விட்டது. ஆனால் அதற்கு முன் அது 1.045க்கு இறங்கியது. அது ஒன்றரை சதவீதத்துக்குச் சற்று அதிகமான இறக்கம், அவ்வளவுதான். இந்த ஒன்றரை சதவீதம்தான் நம் பிள்ளைகளை முடித்தது. எப்படி என்று சொல்கிறேன்.

ஒன்றரை சதவீதம் ஒருவரை எப்படி முடிக்கும்?

இந்தச் செயலிகளில் லிவரேஜ் என்று ஒன்று தருகிறார்கள். கையில் 200 டாலர் இருந்தால், 100 மடங்கு, 20,000 டாலருக்கு வியாபாரம் செய்யலாம் என்பார்கள். கேட்கும்போது இனிப்பாக இருக்கும். 20,000 டாலரில் ஒரு சதவீதம் எவ்வளவு? 200 டாலர். விலை ஒரே ஒரு சதவீதம் எதிராகப் போனால் மொத்த முதலும் காலி. பெரிய நாடுகளின் நாணயங்கள்கூட ஒரே நாளில் அரை சதவீதம், ஒரு சதவீதம் ஆடுவது சாதாரணம்.

ஆகவே 38.2 கோட்டில் 100 மடங்கில் வாங்கிய நம் ஆள், யூரோ ஏறும் என்று சரியாகச் சொல்லியும், அது ஏறுவதற்கு முன்பே கணக்கில் ஒரு காசு இல்லாமல் வெளியே தள்ளப்பட்டிருப்பார். கணிப்பு சரி, ஆள் காலி. இந்த இடத்தைப் பிள்ளைகள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். எந்தக் கோட்டில் வாங்குவது என்று மாதக்கணக்கில் படிக்கிறார்கள். அவர்களைக் கவிழ்ப்பது கோடு இல்லை, கடன். ஐரோப்பாவில் 2018இல் சந்தைக் கண்காணிப்பு அமைப்பு இந்த மடங்கை, முக்கிய நாணயங்களுக்கு 30க்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்படுத்தியது. இத்தகைய வர்த்தகத்தில் இறங்கிய சாதாரண மக்களின் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் வரை நஷ்டத்தில் முடிவதாக அப்போது அந்த அமைப்பே சொன்னது.

"ஸ்டாப் லாஸ் போட்டுக்கொள்வோம், குறிப்பிட்ட இடத்தில் தானாக வெளியே வந்துவிடும்" என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் வேலை செய்யும். எப்போதும் செய்யாது. ஸ்விட்சர்லாந்தின் மத்திய வங்கி, ஒரு யூரோவின் விலையை 1.20 ஃபிராங்குக்குக் கீழே விடமாட்டோம் என்று 2011இல் அறிவித்து மூன்று ஆண்டுக்கு மேல் காத்தது. 2015 ஜனவரி 15 அன்று, முன்னறிவிப்பு இல்லாமல் அதைக் கைவிட்டது. சில நிமிடங்களில் யூரோ ஒரு ஃபிராங்குக்கும் கீழே விழுந்தது. நடுவில் வாங்க ஆளில்லை. ஸ்டாப் லாஸ் போட்டவர்களுக்கும் அவர்கள் போட்ட விலை கிடைக்கவில்லை. போட்ட முதலைவிட அதிகமாக இழந்து, புரோக்கருக்கே கடன்பட்டு நின்றவர்கள் உண்டு. எந்தக் கோடும் அன்று யாரையும் எச்சரிக்கவில்லை.

பிறகு ஏன் கோடு 'வேலை செய்வது' போலத் தெரிகிறது?

அந்தத் தம்பி என்னிடம் காட்டிய சார்ட் பொய்யில்லை. விலை உண்மையிலேயே 61.8இல் திரும்பியிருந்தது. அப்படியானால் என்ன விளக்கம்?

முதலாவது, கோடுகள் ஐந்து. வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். 1 முதல் 100 வரை சீட்டு எழுதிக் குலுக்கி ஒன்றை எடுங்கள். அது ஐந்து கோட்டில் ஏதாவது ஒன்றுக்கு ஐந்து புள்ளி தூரத்துக்குள் இருக்கிறதா? ஏறத்தாழ இரண்டுக்கு ஒரு தடவை இருக்கும். ஒவ்வொரு கோட்டுக்கும் மேலும் கீழும் ஐந்து என்றால் பத்துப் புள்ளி. ஐந்து கோட்டுக்கு ஐம்பது. நூறில் பாதி இடத்தைக் கோடுகளே அடைத்துக்கொண்டுவிட்டன. விலை எங்கே நின்றாலும் பாதித் தடவை 'கோட்டுக்குப் பக்கத்தில்' நின்றதாகத்தான் தெரியும்.

இரண்டாவது, எந்த உச்சியிலிருந்து எந்த அடியை அளப்பது என்பது பார்ப்பவர் விருப்பம். ஒரு வார சார்ட்டில் போட்டால் ஒரு கோடு, ஓராண்டு சார்ட்டில் போட்டால் வேறு கோடு. நடந்து முடிந்த பிறகு, பொருந்துகிற உச்சியைத் தேடிப் பிடிப்பது எளிது.

மூன்றாவது, பலர் ஒரே கோட்டைப் பார்ப்பதால் அந்த இடத்தில் வாங்கும் கைகள் கொஞ்சம் கூடலாம். அதனால் விலை சற்று நேரம் தயங்கவும் கூடும். ஆனால் 2022 ஏப்ரல் கணக்குப்படி உலக நாணயச் சந்தையில் நாளொன்றுக்கு கைமாறியது ஏழரை லட்சம் கோடி டாலர். அமெரிக்க மத்திய வங்கி வட்டி விகிதத்தை மாற்றினால், ஒரு போர் மூண்டால், அந்த வெள்ளம் கோட்டைப் பார்த்துக்கொண்டா நிற்கும்?

நான்காவது, நம் மனது. பலித்ததைப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புகிறோம். பலிக்காததை அழித்துவிடுகிறோம். தாயத்துக் கட்டியவர் காய்ச்சல் குணமானதை மட்டும் ஊரெல்லாம் சொல்வது போலத்தான் இது. தாயத்தை நம்பாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்த நாம், கணக்கு உடுப்புப் போட்டு வந்த தாயத்தை அடையாளம் காணவில்லை. முதலில் காணத் தவறியவன் நான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் வசிப்பவர், ரிசர்வ் வங்கி அனுமதித்தவர்கள் வழியாக, அனுமதிக்கப்பட்ட தேவைக்கு மட்டுமே அந்நியச் செலாவணி வாங்கி விற்கலாம். வெளிநாட்டுச் செயலிக்கு ஃபாரெக்ஸ் வர்த்தக மார்ஜின் பணம் அனுப்புவது 1999ஆம் ஆண்டின் ஃபெமா சட்டத்தை மீறுவதாகும். சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க அச்சட்டத்தில் இடமுண்டு. அனுமதியற்ற தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் முதல் வெளியிட்டு வருகிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதால் அந்தத் தளம் அனுமதி பெற்றது என்று ஆகிவிடாது.

"நான் இந்தியச் சந்தையில்தான் செய்கிறேன்" என்று ஒரு தம்பி கேட்டார். நம் நாட்டுப் பங்குச் சந்தைகளில் நாணய ஒப்பந்தங்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் ஏற்றுமதி, இறக்குமதி போல உண்மையான அந்நியச் செலாவணித் தேவை உள்ளவர்கள், விலை மாற்றத்திலிருந்து தங்களைக் காத்துக்கொள்ளத்தான் அவை. ரிசர்வ் வங்கி 2024இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த ஆண்டு மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. தேவை இல்லாமல் ஊகத்துக்காக மட்டும் செய்ய அங்கும் இடமில்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பணத்தை முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்வார்கள். திரும்ப வரும் பணமும் அப்படி ஒரு கணக்கிலிருந்தே வரும். அது மோசடிப் பணமாக இருந்தால் நம் பிள்ளையின் கணக்கு முடக்கப்படும். ஏமாந்தது தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ அவ்வளவுக்குப் பணம் தடுக்கப்பட வாய்ப்பு உண்டு.

மார்க்கத்தின் பார்வை

நான் முஃப்தி இல்லை. தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விளக்கத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாணயத்துக்கு நாணயம் மாற்றுவது மார்க்கத்தில் ஆகுமானதே. ஃபிக்ஹ் நூல்களில் அதற்கு 'ஸர்ஃப்' என்று தனிப் பாடமே உண்டு. துபாயிலிருந்து வந்த திர்ஹமைக் கொடுத்து ரூபாய் வாங்குகிறோமே, அது ஸர்ஃப். நிபந்தனை என்னவென்றால், இரண்டு பக்கமும் அதே இடத்தில் கைக்குக் கை மாற வேண்டும். செல்போன் வர்த்தகத்தில் எதுவும் கைக்கு வருவதில்லை. இரவு தாண்டினால் 'ஸ்வாப்' என்ற பெயரில் வட்டி ஏறும் அல்லது சேரும். புரோக்கர் தரும் கடனோ, அவரிடமே வியாபாரம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு வருகிறது. 'இஸ்லாமியக் கணக்கு' என்று பெயர் வைத்து ஸ்வாப்பை எடுத்துவிட்டாலும் மற்றவை அப்படியே இருக்கின்றன. சில இடங்களில் வட்டிக்குப் பதில் வேறு பெயரில் கட்டணம் வருகிறது. மலேசியாவின் தேசிய ஃபத்வா கவுன்சில், தனிநபர்கள் மின்னணுத் தளங்களில் செய்யும் இத்தகைய நாணய வர்த்தகம் கூடாது என்று 2012இல் தீர்ப்பளித்தது.

வளைகுடாக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை

"நாங்கள் வர்த்தகம் செய்யவில்லை, ரேட் ஏறும்போது ஊருக்குப் பணம் அனுப்பத்தான் கோடு பார்க்கிறோம்" என்று சிலர் சொல்கிறார்கள். இது நியாயமான கேள்வி. ஒரு டாலர் 3.6725 திர்ஹம் என்றும், 3.75 ரியால் என்றும் நிலையாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே திர்ஹம் ரேட், ரியால் ரேட் என்று நாம் பார்ப்பதெல்லாம் உண்மையில் டாலர் ரேட்தான். 2,000 திர்ஹம் அனுப்பும்போது ரேட்டில் பத்துப் பைசா கூடினால் கிடைப்பது 200 ரூபாய். அந்த இருநூறுக்காகப் பத்து நாள் காத்திருந்து, இங்கே வீட்டில் மளிகைக் கடையில் கடன் வைத்தால், அல்லது ஒரு வளையலை வட்டிக்கு வைத்தால், லாபம் எங்கே? தேவை வரும் தேதியில் அனுப்புங்கள். அனுப்பும் கட்டணத்தை இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். அதில் மிச்சமாவது உறுதியான மிச்சம்.

வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள்

தாய்மார்களே, பிள்ளை நகையோ பணமோ கேட்டு வந்தால் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த தடவை சொல்லாமல் செய்வார். உட்கார வைத்து நான்கு கேள்வி கேளுங்கள்.

ஒன்று: பணம் யார் பெயரில் உள்ள எந்தக் கணக்குக்குப் போகிறது?

இரண்டு: இதுவரை போட்டது மொத்தம் எவ்வளவு, எடுத்தது எவ்வளவு? லாபத்தை மட்டும் சொல்லக் கூடாது. இரண்டு தொகையையும் தாளில் எழுதச் சொல்லுங்கள்.

மூன்று: எத்தனை மடங்கு கடனில் செய்கிறாய்? ஒரு சதவீதம் எதிராகப் போனால் எவ்வளவு மிஞ்சும்?

நான்கு: சொல்லிக்கொடுத்தவருக்கு வருமானம் எதிலிருந்து? சந்தையிலிருந்தா, வகுப்புக் கட்டணத்திலிருந்தா, ஆள் சேர்த்துவிடுவதற்கான கமிஷனிலிருந்தா?

இந்த நான்குக்கும் நேரான பதில் வராவிட்டால் நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

இளைஞர்களே, நீங்கள் ஃபிபனாச்சியைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்றாகப் படியுங்கள். சார்ட் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்குச் சதவீதம் தெரியும், எக்செல் தெரியும், பொறுமை தெரியும். கணக்காளர் அலுவலகத்திலும் ஏற்றுமதி நிறுவனத்திலும் வங்கியிலும் அதற்குச் சம்பளம் உண்டு. லியனார்டோவும் வணிகர்களுக்கு உதவுகிற கணக்கைத்தான் எழுதினார்.

அந்தத் தம்பியைப் பற்றிக் கேட்பீர்கள். அல்ஹம்துலில்லாஹ், இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். வட்டியில் இருந்த நகையில் ஒரு பகுதியை மீட்க, நம் அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடனிலிருந்து உதவினோம். மாதம் தவறாமல் அடைக்கிறார். பதினொரு பவுனில் நான்கு உம்மாவிடம் திரும்பி வந்திருக்கிறது. மீதி ஏழு வருவதற்கு இன்னும் காலமாகும். இந்த உரையிலுள்ள கணக்குகளை இரண்டு தடவை சரிபார்த்துத் தந்ததும் அவரே. "மாமா, 38.2ல வாங்கினவன் சரியாச் சொல்லியும் காலியானதைக் கட்டாயம் சொல்லுங்க. எனக்கும் அதேதான் நடந்துச்சு" என்றார். சொல்லிவிட்டேன்.

வர்த்தகத்துக்கு நம் அறக்கட்டளை கடன் தராது. ஆனால் அதில் சிக்கியவர் யாராயினும் ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வாருங்கள். விஷயம் வெளியே போகாது. யாரும் கேலி பேச மாட்டார்கள். பேசும் தகுதி எனக்கு இல்லை என்பதை இப்போது எல்லோரும் அறிவீர்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் உழைப்பிலும் சம்பாத்தியத்திலும் பரகத் செய்வானாக. கடனிலிருந்து நம் எல்லோரையும் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.